மேடையை அப்புறம் போடலாம், முதலில் குளத்தில் இறங்குங்கள்

கேள்வி இதுதான். கல்லூரி முடித்த ஒரு தங்கை கேட்டிருக்கிறார். பிப்ரவரி முதல் வாரத்தை உலக சமய நல்லிணக்க வாரமாகக் கொண்டாடுகிறார்கள் என்று படித்தாராம். அவர்கள் ஊரில் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றும் அடுத்தடுத்த தெருக்களில் இருப்பதால் நண்பர்கள் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று ஆசை. வீட்டில் சொன்னால், "மூணு பேர் மேடையில கை கோத்து போட்டோ எடுப்பாங்க, மறுநாள் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க, இதுக்கு நீ அலையணுமா?" என்கிறார்களாம். இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, உண்டென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்.

பயன் உண்டு, நிச்சயமாக உண்டு. டெல்டா பக்கம் ஒரு சிறு நகரத்தில் இப்படி ஒரு குழுவில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் சொல்வதையும் ஒதுக்கிவிடாதீர்கள், அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் ஆரம்பித்ததும் மேடையில்தான். கல்யாண மண்டபம், மூன்று சமயப் பெரியவர்கள், பொன்னாடை, நினைவுப் பரிசு, இரண்டரை மணி நேரப் பேச்சு. எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள், குறள் வந்தது, குர்ஆன் வசனம் வந்தது, மலைப்பொழிவு வந்தது, கூட்டமும் கை தட்டியது. நாலு மாதம் கழித்து ஒரு ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் தகராறு வந்தது, அன்று ராத்திரி ஒரு பொய்ச் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று பார்த்தால் எங்கள் கையில் மேடையில் உட்கார்ந்த மூன்று பெரியவர்களின் எண்கள் மட்டும்தான் இருந்தன. அவர்களில் ஒருவர் ஊரிலேயே இல்லை, இன்னொருவர் தூங்கிவிட்டார். தெருமுனையில் கூடி நின்ற பையன்களில் ஒருவனைக்கூட எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் எங்களைத் தெரியாது. விடிவதற்குள் இரண்டு கடைகளை உடைத்துவிட்டார்கள். அந்த ஒரு ராத்திரிதான் எங்களுக்குப் பாடம். பிரச்சினை இல்லாத நாட்களில், தெருவில் நிற்கிற மனிதர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். மேடையில் அது நடக்காது, சேர்ந்து வேலை செய்கிற இடத்தில்தான் நடக்கும்.

இது எங்கள் அனுபவம் மட்டுமில்லை. மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டி என்று விசைத்தறி ஊர் இருக்கிறது. 1970-லும் 1984-லும் பெரிய மதக் கலவரங்களைப் பார்த்த ஊர் அது. 1988 வாக்கில் அங்கே காவல்துறை துணை ஆணையராக வந்த சுரேஷ் கோபடே, பேட்டைக்குப் பேட்டை மொஹல்லா கமிட்டிகள் அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் சம அளவில், அந்தப் பகுதிக் காவலரும் கூட. கூடினால் மதம் பேசுவதில்லை, தண்ணீர்க் குழாய், சாக்கடை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று அன்றாட விஷயங்கள்தான். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை பற்றி எரிந்தது, சுமார் 900 பேர் இறந்தார்கள் என்று அந்தக் கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்குச் சொல்கிறது. பிவண்டி அமைதியாக இருந்தது. அடுத்த கலவரம் அங்கேதான் என்று எல்லாரும் நினைத்திருந்த ஊர் அது!

அரசியல் ஆய்வாளர் அசுதோஷ் வர்ஷ்னே இதையே பெரிய அளவில் ஆராய்ந்தார். கலவரம் அடிக்கடி நடக்கும் ஒரு நகரம், ஏறக்குறைய அதே மக்கள்தொகை விகிதம் இருந்தும் நடக்காத இன்னொரு நகரம் என்று ஜோடி ஜோடியாக எடுத்துக்கொண்டு பார்த்தார், அலிகர்-கோழிக்கோடு அதில் ஒரு ஜோடி. கோழிக்கோட்டில் இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது உண்டு என்றவர்கள் 83 சதவீதம், அலிகரில் 54 சதவீதம்தான். ஆனால் அவர் முக்கியமாகச் சொன்னது அதற்கும் மேலே ஒன்று. நகரங்களில் வெறும் அக்கம்பக்கப் பழக்கம் மட்டும் இருந்தால் போதாது, பெரிய அலை வரும்போது அது உடைந்துவிடும். வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகர் மன்றம் என்று இரண்டு சமூகத்தாரும் சேர்ந்து நடத்துகிற அமைப்புகள் இருக்கிற ஊர்தான் தாக்குப்பிடிக்கிறது. அங்கே வதந்தியைக் கிளப்பினால் அதை உடனே அடக்க ஆள் இருக்கிறது, கலவரத்தால் நஷ்டப்படுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நமக்கு இதில் செய்தி என்னவென்றால், ஒருநாள் விழாவை மறந்துவிட்டு மாதாமாதம் கூடுகிற ஒன்றை உருவாக்குங்கள் என்பதுதான்.

சரி, என்ன வேலை? எங்கள் ஊரில் குளம். ஆகாயத்தாமரை மண்டி, தண்ணீரே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. கோயில் குளம் இல்லை, ஊர்ப் பொதுக்குளம், மூன்று தெருக்காரர்களும் ஒரு காலத்தில் குளித்த குளம். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில்காரர்கள் வந்துசேர எட்டரை ஆகும் என்பதால் எட்டரைக்கு ஆரம்பம். முதல் தடவை வந்தவர்கள் பதினோரு பேர். கரையில் நின்று நாலு பேர் அலக்கால் இழுக்க, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இரண்டு பேர் வேரோடு பிடுங்கித் தள்ள, மற்றவர்கள் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஆகாயத்தாமரை பார்க்கத்தான் லேசு, தண்ணீரோடு தூக்கினால் ஒரு கட்டு ஒரு மூட்டை நெல் கனம் கனக்கும், தனியாக யாராலும் கரையேற்ற முடியாது. "அண்ணே அந்தப் பக்கம் பிடிங்க", "பாய், காலைப் பார்த்து வைங்க, கண்ணாடிச் சில்லு கிடக்கு" என்று ஒரு மணி நேரத்துக்குள் பேச்சு தானாக வந்துவிட்டது. வேலை நீண்ட ஒரு நாளில் லுஹர் என்கிற மதியத் தொழுகை நேரம் வந்ததும் இரண்டு பேர் கரையேறினார்கள், முருகன் கோயிலில் உழவாரப் பணிக்குப் போகிற ஒரு பெரியவர் குடத்தில் இருந்த நல்ல தண்ணீரை அவர்கள் கால் கழுவ ஊற்றிவிட்டு, தன் தோளில் கிடந்த துண்டை உதறிப் புல்லின் மேல் விரித்துக் கொடுத்தார். யாரும் சொல்லவில்லை, யாரும் படம் எடுக்கவும் இல்லை. அந்தப் பெரியவரும் அந்த இருவரில் ஒருவரும் பிற்பாடு ஒரு ராத்திரி பதினோரு மணிக்குத் தெருமுனையில் ஒன்றாக நின்று, ஆடியோ ஒன்றைக் கேட்டுக் கொதித்து வந்த பையன்களை, "நான் இப்பத்தான் அங்கேயிருந்து வர்றேன், ஒண்ணும் நடக்கலை, வீட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். குளம் சுத்தமாக எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. சீக்கிரம் முடியாமல் போனதே நல்லதாகப் போயிற்று.

உங்கள் ஊரில் குளம் இல்லாவிட்டால் வேறு வேலை இருக்கும், தேடினால் கிடைக்கும். பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். தனியாக முடியாத வேலையாக இருக்க வேண்டும், ஒரு தரப்பு கொடுக்கிறது மறு தரப்பு வாங்குகிறது என்று ஆகக் கூடாது, ஒரு நாளில் முடியக் கூடாது. ரத்ததான முகாம் நல்ல காரியம்தான், ஆனால் அவரவர் வந்து படுத்து, கொடுத்து, பிஸ்கட் சாப்பிட்டுப் போய்விடுவார்கள், பழக்கம் ஏற்படாது. ரத்தம் தேவைப்படும்போது கூப்பிட ஒரு கூட்டுப் பட்டியல் வைத்து அதை மூன்று பேர் சேர்ந்து பராமரித்தால் அது வேறு கதை. கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பராமரிப்புப் பணி அப்புறம் மலப்புறம் பக்கமெல்லாம் அக்கம்பக்க வலையமைப்பாக வளர்ந்தது. வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் ஒதுக்குகிற சாதாரண ஜனங்கள் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்குப் போகிறார்கள், எந்த சமயத்து நோயாளி, எந்த சமயத்துத் தொண்டர் என்று பார்ப்பதில்லை. நல்லிணக்கம் என்று பெயர்ப்பலகை வைக்காமலே நடக்கிற நல்லிணக்கம் அது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணமும் அதுதான்.

நம் ஊர்களிலும் இதற்குப் பஞ்சமில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் 1795-ல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல் இருக்கிறதே, நாம் பெரிய மசூதி என்போமே, அங்கே ரமலான் மாதத்தில் நோன்பு திறக்க வருகிறவர்களுக்குப் பல பத்தாண்டுகளாக உணவு பரிமாறுவது மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த இந்துக்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கி வைத்த பணி. காலையிலேயே மயிலாப்பூரில் அடுப்பு பற்றவைத்து, சைவமாகச் சமைத்து, சாயங்காலம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தலையில் தொப்பி அணிந்து தங்கள் கையாலேயே பரிமாறுகிறார்கள். பிரிவினையில் வீடிழந்த ஒரு மனிதர் கசப்பைச் சுமக்க எல்லாக் காரணமும் இருந்தது, அவர் சுமந்து போனது சோற்றுப் பாத்திரத்தை. அதே பள்ளிவாசல் கட்டி முடித்த ஆண்டைக் குறிக்கும் பாரசீகப் பாடலை எழுதியவரும் நவாபிடம் பணியாற்றிய மக்கன் லால் என்ற இந்துதான், அது இன்றும் கல்லில் இருக்கிறது.

2004 ஆழிப்பேரலையில் பரங்கிப்பேட்டை ஜமாஅத், சுற்றியிருந்த மீனவக் கிராம மக்களுக்கு இடமும் சோறும் கொடுத்துத் தாங்கியது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு முஸ்லிம் இளைஞர்கள் கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் சேறு புகுந்த கோயில்களைக் கழுவிவிட்டார்கள். கொரோனாக் காலத்தில் சொந்தபந்தமே கிட்டே வரப் பயந்த உடல்களை, இறந்தவரின் சமய முறைப்படியே எரித்தோ புதைத்தோ அனுப்பி வைத்தவர்களில் தமுமுக போன்ற முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள் நிறையப் பேர். பேரிடர் வந்தால் நாம் இப்படித்தான் நடந்துகொள்கிறோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேரிடர் இல்லாத சாதாரண மாதங்களில்தான் தொடர்பு அறுந்துபோகிறது, உங்கள் வேலை அந்த மாதங்களில்தான் இருக்கிறது.

மேடையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1982-ல் மண்டைக்காட்டில் கோயில் திருவிழாவின்போது இந்து-கிறிஸ்தவ மோதலும் துப்பாக்கிச்சூடும் நடந்து குமரி மாவட்டமே கொதித்தபோது, குன்றக்குடி அடிகளார் அங்கே போய் இரு தரப்போடும் பேசினார். காவி கட்டிய மடாதிபதி ஒருவர் கடற்கரைக் கிராமத்தில் போய் நிற்பதற்கு இருக்கிற பலம் வேறு யாருக்கும் வராது. மூன்று சமயத்துப் பெரியவர்களையும் சேர்த்துத் திருவருட்பேரவை என்ற அமைப்பையும் நடத்தினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அவர் வெறும் மேடைப் பேச்சாளர் இல்லை, குன்றக்குடியில் கிராமத் திட்டம் என்று ஆலை, வேலை, கூட்டுறவு என ஜனங்களின் வயிற்றுப்பாட்டில் இறங்கி நின்றவர். அதனால்தான் அவர் சொல் எடுபட்டது. பெரியவர்களின் ஒப்புதல் உங்களுக்கும் தேவை. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி, மாதா கோயில் பங்குத்தந்தை, கோயில் அறங்காவலர் மூவரையும் முதலிலேயே நேரில் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வந்து உழைக்க வேண்டியதில்லை, "போய்ட்டு வாங்க" என்று தங்கள் ஆட்களிடம் சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் ஜமாஅத்துப் பையன்களோ, மாதா கோயில் பங்கின் தெருக் குழுவான அன்பியத்துப் பெண்களோ வரத் தயங்குவார்கள்.

அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டாம். இராக்கில் ஐஎஸ் வன்முறையால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் சிலவற்றில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்து சல்மா மூசா என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார், முடிவு 2020-ல் வந்தது. கலந்து ஆடியவர்கள் அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் சேர விரும்பினார்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்தார்கள், கண்ணியமான ஆட்டத்துக்கான விருதுக்கு வேறு அணி முஸ்லிமுக்கு வாக்களித்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் இருக்கிற மோசூல் நகரத்து உணவகத்துக்குப் போகச் சொன்னால் பெரிய மாற்றம் இல்லை. தெரிந்தவர் மேல் நம்பிக்கை வருகிறது, தெரியாதவர் மேல் அது தானாகப் பரவுவதில்லை. அதனால் பத்துப் பேரே வருடம் முழுக்க வந்துகொண்டிருந்தால் அது போதாது, ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவரும் ஒரு புது ஆளைக் கூட்டிவர வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அநியாயம் நடந்திருந்தால் அதற்கு நியாயம் கிடைக்க வேண்டியதும் தனி வேலை. கடை உடைந்தவருக்கு இழப்பீடு வாங்கிக் கொடுக்க அலையாமல், "வாங்க, சேர்ந்து மரம் நடலாம்" என்று கூப்பிட்டால் அவர் மனம் புண்படும், புண்பட வேண்டியதுதான். நாங்கள் அந்த இரண்டு கடைக்காரர்களோடும் மனு எழுதிக்கொண்டு ஒன்றரை வருடம் அலைந்தோம்.

இனி சின்னச் சின்ன விஷயங்கள், இவற்றில்தான் பெரும்பாலான கூட்டங்கள் சறுக்குகின்றன.

சாப்பாடு ஒரே பாத்திரத்தில் இருக்கட்டும், சைவமாக இருக்கட்டும். முதல் வருடம் ஆசையாக ஒரு வீட்டில் பிரியாணி செய்து கொண்டுவந்தார்கள், சாப்பிடாதவர்களுக்குத் தனியாகத் தயிர்சாதம், பார்த்தால் காலை முழுக்கச் சேர்ந்து சேற்றில் நின்றவர்கள் மதியம் இரண்டு பந்தியாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து எலுமிச்சை சாதம், சுண்டல், மோர்தான், மாறி மாறி மூன்று தெருக்காரர்களும் சமைப்பார்கள். சமைப்பதும் பரிமாறுவதும் யார் என்பதையும் பாருங்கள். காலனியிலிருந்து வருகிறவர்கள் மண் அள்ள மட்டும், மேலத்தெருக்காரர்கள் கரண்டி பிடிக்க மட்டும் என்று ஆகிவிட்டால் சமயங்கள் கூடிவிட்டன, ஜாதி அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதைப் பேசத் தயங்கிய குழுக்கள் ஒன்றிரண்டு வருடத்தில் உள்ளேயே உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் குத்துவிளக்கு ஏற்றலாமா என்று கேள்வி வரும். முஸ்லிம்களிலும் பெந்தெகொஸ்தே சபையினரிலும் பலருக்கு அது சங்கடம், மேடையில் கூப்பிட்டுவிட்டால் மறுக்கவும் முடியாமல் நிற்பார்கள். யாரையும் அந்த நிலைக்குக் கொண்டுவராதீர்கள். இலங்கையில் 1958-ல் ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய இயக்கத்தின் சிரமதான முகாம்களில், அதாவது ஊர்ப் பொதுவேலைக்கு உழைப்பைத் தானமாகத் தரும் முகாம்களில், அவரவர் சமயத்து வழிபாட்டை அவரவர் சொல்வதும், பிறகு எல்லாரும் மௌனமாக உட்கார்வதும் வழக்கம். நாங்கள் இரண்டு நிமிட மௌனம் மட்டும் எடுத்துக்கொண்டோம், இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

துண்டுப் பிரசுரம், மதப் பிரச்சாரம் அறவே கூடாது, யார் செய்தாலும் அன்றே நேரில் சொல்லிவிட வேண்டும். கட்சிக் கொடி, ஒரே புரவலரின் பெயர் போட்ட பேனர் இரண்டும் வேண்டாம், ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு நடத்துங்கள். நாள் குறிக்கும்போது வெள்ளி மதியம், ஞாயிறு காலைப் பூசை நேரம், ரமலான் பகல், தவக்காலம், கோயில் காப்புக் கட்டிய நாட்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் வராத குழுவாக இருந்தால் அது பாதிக் குழு, சுயஉதவிக் குழுக்களில் ஏற்கெனவே மூன்று சமயத்துப் பெண்களும் சேர்ந்து கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள், அங்கே போய்ப் பேசினால் உங்களுக்கு முன்னால் அவர்கள் தயாராக இருப்பார்கள். பண்டிகைக்கு முன் அரசு அலுவலகத்தில் கூட்டுகிற அமைதிக் குழுவில் கூப்பிட்டால் போங்கள், ஆனால் அதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு தாள். தெருவுக்கு இரண்டு பேர், அவர்களின் பெயர், எண், ராத்திரி எத்தனை மணிக்கும் எடுப்பேன் என்ற வாக்கு. வதந்தி எது வந்தாலும் முதலில் அந்தத் தெரு ஆளைக் கூப்பிட்டுக் கேட்பது, அவர் நேரில் போய்ப் பார்த்து வந்து சொல்லும்வரை எதையும் யாருக்கும் அனுப்பாமல் இருப்பது, தேவைப்பட்டால் இரண்டு தெருக்காரரும் ஜோடியாகப் போய் நிற்பது, கைமீறும் போலிருந்தால் உடனே காவல் நிலையத்துக்குச் சொல்வது. எங்களிடம் இப்போது இருபத்தியிரண்டு பெயர்கள் இருக்கின்றன, பொங்கலுக்கு ஒரு முறை எண்களைச் சரிபார்க்கிறோம்.

பிப்ரவரி வாரம் வரட்டும், ஐநா சபையே 2010-ல் தீர்மானம் போட்டு ஒதுக்கிய வாரம், விழாவை அப்போது தாராளமாக வையுங்கள். அதற்கு முன் நாலைந்து மாதம் வேலை நடந்திருந்தால் மேடையில் பேசுவதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கும். இப்போதைக்கு மூன்று தெருவிலும் தெருவுக்கு இரண்டு பேரைப் பார்த்து ஒரு டீக்கடையில் உட்காருங்கள், ஊரில் எல்லாரும் குறைசொல்கிற, யாரும் கை வைக்காத ஒரு வேலை எது என்று மட்டும் கேளுங்கள். எங்களுக்குக் குளம் என்ற பதில் வர பத்து நிமிடம்கூட ஆகவில்லை.